ஏழு பேரும் ஒரு பெட்ஷீட்டும்

கமுதியில் உலக சினிமா காட்டப்போகிறேன் என்று சொன்னதும் மாமனார் கேட்டது ஒன்றுதான். "லாபம் எவ்வளவு வரும் மாப்ளே?"

"லாப நோக்கமே கிடையாது மாமா."

வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். "இதுவரைக்கும் நீங்க பண்ணுன யாவாரத்துலயும் லாபம் கெடையாது. நோக்கமாவது இருந்துச்சு."

எனக்குத் தெம்பு கொடுத்தது ஹெக்கோடு. கர்நாடகத்தில் சாகர் பக்கம் பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் கிராமம். அங்கே கே.வி. சுப்பண்ணாவின் நீநாசம் நாடகக் குழு 1973-இல் ஒரு திரைப்படச் சங்கத்தையும் தொடங்கியது. பாக்கு உரிக்கிறவர்கள் உட்கார்ந்து உலகப் படங்கள் பார்த்தார்கள். சுப்பண்ணாவுக்கு 1991-இல் மகசேசே விருது. பாக்குத் தோட்டத்தில் நடந்தது மிளகாய்க் காட்டில் நடக்காதா? அதிகாரிகளை மிரட்ட 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்பார்களே, அந்தக் காடு நாங்கள்தான். விளைவது முண்டு மிளகாய், தானாக முளைப்பது சீமைக் கருவேலம், வெயில் இலவசம். அந்த வெயிலையும் விடாமல் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்துவிட்டது. சினிமாவுக்கு வேண்டியது இருட்டு மட்டும்தான். அதுவும் எங்களிடம் தாராளமாக உண்டு.

சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும் என்றார்கள். குரோசவா 1954-இல் ஏழு சாமுராய்களைத் தேடி எடுத்த படம் மூன்றரை மணி நேரம் ஓடும். எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அந்தப் படத்தில் ஏழு வீரர்களுக்கும் கூலி சோறு மட்டும். நான் பருத்திப்பாலும் ஆமவடையும் கொடுத்தேன். நான், மச்சினன், ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார், கரிமூட்டம் போடும் நண்பர், விண்ணப்பத்தை டைப் அடித்த ஜெராக்ஸ் கடைக்காரர், தப்பில்லாமல் டைப் அடித்த அவர் கடைப் பையன். ஏழாமவர் மளிகைக் கடை அண்ணாச்சி. எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டார், எதற்கென்று கேட்கவில்லை. இவரல்லவா கலை ரசிகர் என்று நெகிழ்ந்துபோனேன். அடுத்த மாதம் கடைக்குப் போனபோது குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, எனக்குச் சீட்டு எந்த மாசம் விழும்?"

பெயர் வைக்க நான்கு கூட்டம் போட்டோம். வாத்தியாருக்குத் தூய தமிழ் வேண்டும், மச்சினனுக்கு அவன் மகள் பெயர் வேண்டும். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

இடம்தான் பெரிய பாடு. கல்யாண மண்டபத்துக்காரர் பெரிய மனசு பண்ணி ஆடியிலும் மார்கழியிலும் சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னார். முகூர்த்தம் இல்லாத மாதத்தில்தான் கமுதியில் கலை வளரும். கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒடேசா திரைப்படக் குழு நண்பர்களும் ஊர் ஊராகச் சாப்ளினின் 'தி கிட்' படத்தைப் போட்டுக் காட்டி, பக்கெட்டில் காசு பிரித்தே 'அம்ம அறியான்' எடுத்துவிட்டார்கள். 1986-இல் வந்தது அந்தப் படம். அதை நம்பி நாங்களும் பக்கெட்டோடு பஜாரைச் சுற்றினோம். 212 ரூபாயும் ஒரு கை வற்றல் மிளகாயும் தேறின. ஆகவே திரை, என் வீட்டுப் பெட்ஷீட். தலை தீபாவளிச் சீர். பூப்போடாதது அது ஒன்றுதான்.

முதல் படம் டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்', 1948. சத்யஜித் ராய் 1950-இல் லண்டனில் இதைப் பார்த்துவிட்டுத்தான் படம் எடுத்தே தீர்வது என்று முடிவுகட்டினார். கமுதியிலும் ஒரு ராய் உட்கார்ந்திருக்கலாம் என்று எண்ணினேன். உட்கார்ந்திருந்தவர்கள் நாற்பத்தோரு பேர். அதில் பாதிப் பேர் மண்டபத்தில் லைட் எரிவதைப் பார்த்து ஆடியில் எவன் வீட்டில் கல்யாணம் என்று விசாரிக்க வந்தவர்கள்.

இத்தாலிய நவயதார்த்தவாதம் பற்றி இருபது நிமிடம் பேசத் தயாரித்து வந்திருந்தேன். நான்காவது நிமிடத்தில் ஒரு அப்பத்தா, "படத்தப் போடு அப்பு, பஸ்சு போயிரும்" என்றார். போட்டேன். மௌனப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஆள் இருப்பார்களாம். அதே போல மைக்கைப் பிடித்து, "இப்போது நாயகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் சைக்கிள்..." என்று தொடங்கினேன். "சைக்கிளு அடகுல இருக்கு. தெரியுதுல்ல, நீ உக்காரு."

உட்கார்ந்தேன். அடகை மீட்க, கட்டில் விரிப்புகளை உருவி மூட்டை கட்டுகிறாள் நாயகன் மனைவி. அடகுக் கடையில் ஓர் ஆள் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலமாரி மேல் ஏறுகிறான், ஏறிக்கொண்டே இருக்கிறான், உச்சி வரைக்கும் ஊராருடைய மூட்டைகள். மண்டபத்தில் சத்தமே இல்லை. அப்பத்தா மட்டும் மெதுவாக, "எம்புட்டுக் குடும்பம்" என்றார். என் இருபது நிமிடப் பேச்சு தாளோடு என் பையில் இருந்தது.

பின்வரிசையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "அங்கயும் பொண்டாட்டி பெட்ஷீட்டுதானா?"

அந்த நேரம் பார்த்து என்னுடைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் புகைந்து அணைந்தது. 648 மெகாவாட் ஊரில் செல்போன் டார்ச் வெளிச்சத்தில் ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தேன். "பொறுங்க, மிச்சப் படம் வரும்" என்று மைக் இல்லாமல் கத்தினேன். பொறுத்தார்கள். மிச்சப் படமும் வந்தது. சைக்கிளைத் தொலைத்தவனே கடைசியில் சைக்கிள் திருடி மாட்டிக்கொள்கிறான். மகன் அழுவதைப் பார்த்து உடைமைக்காரன் விட்டுவிடுகிறான். அப்பாவும் பிள்ளையும் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் கரைகிறார்கள். பெட்ஷீட்டில் எழுத்து விழுந்தது: ஆங்கில எழுத்தில், 'ஃபைன்'.

யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி புகைந்துவிட்டது, மிச்சம் வரும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

"அவ்வளவுதான், படம் முடிஞ்சுது" என்றேன்.

"எப்படி முடியும்? வேலை போயிருச்சா, இருக்கா? அதச் சொல்லலையே" என்றார் கரிமூட்ட நண்பர்.

"அதான் ஃபைன்னு போட்டுட்டானே. போலீஸ் கேஸு இல்லாம அபராதத்தோட விட்டுட்டாங்க" என்று விளக்கினான் ஜெராக்ஸ் கடைப் பையன்.

"சைக்கிள்காரனே விட்டுட்டான், அப்புறம் எவன் ஃபைன் போட்டது?"

அது இத்தாலிய மொழி, 'ஃபீனே' என்று படிக்க வேண்டும், முற்றும் என்று அர்த்தம் என்று சொன்னேன். நம்பினது வாத்தியார் ஒருவர்தான். அவரும் உச்சரிப்பைத் திருத்தினார்.

ஆள் கலைந்த பிறகு அண்ணாச்சி என் தோளைத் தொட்டு ஓரமாக அழைத்துப் போனார். "தம்பி, படத்துல கடைசியா ஃபைன்னு காட்டுனீங்களே... நான் ரெண்டு மாசம் பணம் கட்டலைன்னுதான? நாப்பது பேரு முன்னாடி காட்டணுமா? நேர்ல சொல்லியிருந்தா கட்டியிருப்பேன்ல."

சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். புது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்க வேண்டியிருந்தது.