கோழி மொதல்ல காயட்டும், மாப்ளே

வாங்க மாப்ளே, வாங்க. காரு டிக்கியில இருந்து என்னமோ இரும்புச் சாமான எறக்குறீங்களேன்னு அப்பப் புடிச்சுப் பாத்துட்டுத்தான் இருக்கறேன். மூடி, கம்பி வலை, மூணு காலுன்னு ஒவ்வொண்ணா வெளிய வந்ததும்தான் புரிஞ்சுது, கோழி சுடற அடுப்புன்னு. வெலைய எங்க அம்மிணி சொன்னா. நல்லவேளை, கயித்துக் கட்டுல்ல உக்காந்திருந்தேன், கீழ உழுகுல. சரி, உங்க காசு, உங்க அடுப்பு. மாமனாரு சொல்றதுக்கு என்ன இருக்குது.

ஆனா போன தீவாளிக்கு நீங்க சுட்ட கோழி இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குதுங்க. மேலாக்கப் பாத்தா அடுப்புக்கரி. தொடையப் பிச்சா உள்ள ரத்தம். நெஞ்சுக்கறிய வாயில போட்டா தேங்கா நாரு. ஒரே கோழியில மூணு பக்குவம் காட்டுன கைய இந்த எழுவது வருசத்துல நான் பாத்ததில்ல. "நல்லாருக்குதுங்களா மாமா?"ன்னு வேற கேட்டீங்க. மாப்ளை கேட்டா மாமனாரு என்ன சொல்வான்? வெகு ருசின்னு சொன்னேன். நம்மூட்டு நாயிக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியாது, மோந்து பாத்துட்டு அக்கட்டப் போயிருச்சு.

அதனால இந்தத் தாட்டி நான் ரோசனை சொல்றேன், நீங்க சுடுங்க. கூலியெல்லாம் வேண்டாம். ஈரலு, கழுத்து, அப்புறம் இன்னொரு சின்னச் சமாச்சாரம். அத அப்புறமேட்டுச் சொல்றேன்.

மொதல்ல, அந்தச் சேவல அப்புடிப் பாக்காதீங்க. நாட்டுக்கோழின்னதும் டவுன்காரருக்கு நாக்கு ஊறும், தெரியும். அது மூணு வருசமா இந்த ஊர எழுப்பிட்டு இருக்குது. அத்தனை வருசம் ஓடுன காலு நெருப்புல வாட்டுனா வேகாதுங்க, முறுக்கிக்கும். அதையெல்லாம் சட்டியில தண்ணியூத்தி, ரெண்டு மணி நேரம் கொதிக்க உட்டு, நரம்பும் தசைநாரும் கரைஞ்சாத்தான் வழிக்கு வரும். சுட்டீங்கன்னா பல்லு டாக்டருக்குத்தான் வருமானம். சுடறதுக்கு நாட்டுக்கோழிதான் வேணும்னா இன்னும் முட்டைக்கு வராத வெடக்கோழியாப் பாத்து வாங்கோணும். அது இப்ப நம்மகிட்ட இல்ல.

அதனால கௌரவம் பாக்காம பிராய்லரே வாங்கியாங்க. பல்லடத்துப் பக்கம் வந்துட்டு பிராய்லரக் கேவலமாப் பேசப்படாது, இங்க பாதிப்பேரு காட்டுல கோழிக் கொட்டாயி நிக்குது. குஞ்சு வந்து 40 நாளுல ரெண்டு கிலோ ஏறிருது. ஊசி போட்டு ஊத வெக்கிறாங்கன்னு நீங்க போன தடவ பெரிசா விளக்கம் சொன்னீங்க. நான் பக்கத்துக் கொட்டாயில தெனமும் பாக்கறவன். சீக்குக்குத் தடுப்பு மருந்து கண்ணுல சொட்டு உடுவாங்க, குடிக்கற தண்ணியில கலப்பாங்க. சதை ஏறறது சாதி, தீவனம் ரெண்டாலயும்தான். ஆயிரக்கணக்குல கெடக்கற கோழிய ஒவ்வொண்ணாப் புடிச்சுத் தெனமும் ஊசி போடறதுன்னா அவனுக்குச் சோறு திங்க நேரம் இருக்குமா? 40 நாள் கோழின்னா பச்சப்புள்ள. எலும்பு எளசு, கறி எளசு. சுடறதுக்குன்னே பொறந்தது.

கடையில ஒண்ணு ஞாபகமாச் சொல்லோணும்: தோலோட வேணும். சொல்லாம நின்னீங்கன்னா, அவன் சட்டையக் கழட்டறாப்புல ஒரே இழுப்புல உரிச்சு வீசிருவான். தோலு போச்சுன்னா முழுக்கோழி சுடற சங்கதியே போச்சு. கறிக்குப் போர்வையும் அதான், எண்ணெயும் அதான், கடிச்சா மொறுமொறுங்கறதும் அதான். ரெண்டு கிலோக் கோழி சுத்தம் பண்ணி வந்தா ஒண்ணரைக்குச் சித்தெ கம்மியா நிக்கும்.

வாங்கியாந்ததும் குழாய்க்கு அடியில புடிச்சு சளசளன்னு கழுவறீங்க பாருங்க, அத உடுங்க. தெறிக்கிற தண்ணியில கோழியோட கிருமி தக்காளி வரைக்கும் குடியேறிரும். வெளிநாட்டுல கழுவவே வேண்டாம்னு சொல்றாங்களாமா. அவங்களுக்குப் பொட்டலத்துல சுத்தமா வருது. நமக்கு ரத்தமும் இறகுமா வருது, கழுவாம எப்புடி? குண்டாவுல தண்ணி மொண்டு வெச்சு, உள்ள முக்கி அலசி எடுங்க. மிச்சம் இருக்கற பூமயிரத் தீயில பொசுக்கிருங்க. வாலு மேல பாத்தீங்கன்னா சின்னதா ஒரு முனை நிக்கும். அமுக்குனா மஞ்சளா எண்ணெ கசியும். கோழி அலகால அதத் தொட்டுத்தான் இறகுக்குப் பூசிக்கும், அதோட சீயக்கா எண்ணெ எல்லாம் அதான். அதக் கத்தி நுனியில நோண்டி எறிஞ்சுருங்க, இல்லீன்னா சுட்டதுல ஒரு முடை அடிக்கும். போன தடவ அடிச்சுதே, அதே.

இப்பத்தான் சமாச்சாரத்துக்கு வர்றேன். போன தீவாளிக்கு நீங்க கோழிய நெருப்புல வெக்கிறதுக்கு அஞ்சு நிமிசம் முன்னால என்ன பண்ணுனீங்க? இஞ்சி, பூண்டு, தயிரு, எலுமிச்சம்பழம், மொளகாத்தூளு, கடையில வாங்குன ரெண்டு பாக்கெட்டு, அதுக்கு மேல செகப்புச் சாயம். கோயில் செவுத்துக்கு வெள்ளை அடிக்கறாப்புல மேல மேலப் பூசுனீங்க. அத்தனையும் தோலு மேல நின்னுது, கறிக்கு ஒரு கல்லு உப்புக்கூடப் போகல. அப்புறம் தயிரு ஊத்துச்சு, தூளு கருகுச்சு. உள்ள கோழி, "வெளிய என்னமோ கலவரமாட்டம் இருக்குது"ன்னு சும்மா படுத்திருந்துச்சு.

உங்க அத்தை வைகாசி வெய்யில்ல வடகம் புழியறாளே, பாத்திருக்கீங்க. காயாத வடகத்த எண்ணெயில போட்டா பொரியுமா? சொதசொதன்னு எண்ணெயக் குடிச்சுட்டுப் படுத்துக்கும். கோழித்தோலும் வடகந்தானுங்க. ஈரம் இருக்கற வரைக்கும் அது 100 டிகிரியத் தாண்டாது, அவிஞ்சுட்டே இருக்கும். ஈரம் போயி, 140ஐத் தொட்டாத்தான் செவந்து வாசம் வரும். இத நான் கண்டுபுடிக்கலீங்க, 1912ல மயார்டுன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு எழுதி வெச்சாருன்னு பொங்கலுக்கு நீங்கதான் பாடம் எடுத்தீங்க. பாடம் எடுத்துட்டு அன்னிக்கே ஈரக்கோழியத் தூக்கி அடுப்புல வெச்சதும் நீங்கதான்.

அதனால சுடறது நாளைக்கு. இன்னிக்கு உப்பு மட்டும். எப்புடியும் சனிக்கிழமை உங்க அத்தை கறி திங்க உட மாட்டா.

கிலோவுக்கு 15 கிராம் உப்பு. ஒண்ணரைக் கிலோவுக்கு மட்டமாத் தலை தட்டி நாலு தேக்கரண்டிக்குச் சித்தெ கம்மி. துணியில கோழிய நல்லாத் தொடைங்க, வயித்துக்குள்ளயும். அப்புறம் கழுத்துப் பக்கமா தோலுக்கும் நெஞ்சுக்கறிக்கும் நடுவுல ரெண்டு வெரல உடுங்க. வெள்ளையா ஒரு சவ்வு தட்டும். பாவாடைக்கு நாடா கோக்கறாப்புல மெதுவா நகத்திட்டே போனா அதுவே வழி உடும். அவசரப்பட்டுக் குத்துனா தோலு கிழிஞ்சுரும், மொதல்ல அந்த நகத்த வெட்டுங்க. நெஞ்சு தாண்டித் தொடை வரைக்கும் வெரல் போகும். அந்தச் சந்துல பாதி உப்பு, நுணுக்கி இடிச்ச மொளகு, நசுக்குன பூண்டு. செலவு சாமான் அவ்வளவுதான். மிச்ச உப்ப வெளியயும் வயித்துக்குள்ளயும் தேச்சு உடுங்க, கனமான எடத்துக்கு எச்சா, றெக்கைக்குக் கம்மி.

அரை மணி நேரத்துல தோலு மேல முத்து முத்தா வேர்க்கும். அய்யோ சாறு போகுதேன்னு பதறாதீங்க. அந்தத் தண்ணியிலயே உப்புக் கரைஞ்சு, ராத்திரியோட ராத்திரியா மறுபடியும் உள்ள போயிரும். போன உப்பு கறிய எளக்கிக் குடுக்கும், நெருப்புல வெக்கறப்ப சாற வுடாமப் புடிச்சு வெச்சுக்கும். விடியறப்ப பாத்தீங்கன்னா தோலு காய்ஞ்ச காயிதமாட்டம், தொட்டா சரசரங்கும். அதான் நமக்கு வேணும்.

இதுக்குக் கோழிய மூடாம பிரிட்ஜுல வெக்கோணும், கீழ்த்தட்டுல, தட்டத்து மேல. சொட்டுச்சுன்னா வேற எதுலயும் படப்படாது. உங்க அத்தை பாலும் தயிரும் வெச்சிருக்கற பிரிட்ஜு, அதும் சனிக்கிழமை. நான் கேட்டா ஊட்டவிட்டு வெளிய போகச் சொல்லுவா. மாப்ளை நீங்க கேளுங்க, உங்களுக்குன்னா மறுக்க மாட்டா. மாப்ளைன்னு ஒருத்தரு எதுக்கு இருக்காரு.

எலுமிச்சை, தயிரு வேண்டவே வேண்டாமான்னு கேக்கறீங்களா? தயிரு தோலுரிச்ச கோழிக்கு நல்லது. தோலோட சுடறதுக்குப் பகை. எலுமிச்சம்பழத்தத் திங்கறப்ப புழிஞ்சுக்குங்க, ராத்திரி பூராப் புழிஞ்சு வெச்சா மேல்கறி சுண்ணாம்பாட்டம் ஆயிரும். பப்பாளிக்கா பத்தி நீங்க கேக்கறதுக்கு முன்னால நானே சொல்லிர்றேன். ஒரு நோம்பிக்கு ஒறம்பரை வந்தப்ப, கறி நல்லா வேகட்டும்னு பப்பாளிக்காய அரைச்சு ராத்திரியே பூசி வெச்சேன். அரை மணி நேரம் வெக்க வேண்டியது. காலைல கோழியத் தூக்குனா எலும்பு மட்டும் கையில வந்துச்சு. கறி களியாட்டம் குண்டாவுல நின்னுருச்சு. சம்பந்திகளுக்கு அன்னிக்குப் பருப்புஞ்சோறு.

நாளைக்குப் பொழுதோட அடுப்புக் கூட்டறப்ப கொட்டாங்குச்சிக் கரி நல்லாப் புடிச்சுச் சாம்பல் பூக்கோணும். புகை இருக்கறப்பவே கோழிய வெச்சீங்கன்னா லாரிப் புகையத் திங்கறாப்புலதான். கரிய ஒரு பக்கமா ஒதுக்குங்க, கோழிய மறுபக்கம் மல்லாக்க வைங்க, காலு நெருப்பப் பாத்துட்டு, நெஞ்சு அக்கட்ட. தொடை மெதுவா வேகற சாதி, நெஞ்சு சீக்கிரம் காயற சாதி, அதனால அவங்கவங்களுக்குத் தக்கன சூடு. மூடியப் போட்டுட்டு நிமிசத்துக்கொருக்காத் தொறந்து பாக்காதீங்க. நீங்க பாக்கறீங்கன்னு அது சீக்கிரம் வேகாது.

காலு ரெண்டையும் கயித்துல இறுக்கிக் கட்டி வெச்சிருந்தீங்க போன தடவ. எதுக்குங்க? ஓடியா போயிரும்? அவுத்து உடுங்க, தொடை இடுக்குக்குச் சூடு போகட்டும். றெக்கை ரெண்டையும் மட்டும் பின்னால மடக்கிருங்க, பெரிய மனுசன் கையப் பின்னால கட்டிட்டு வரப்புல நடக்கறாப்புல. இல்லீன்னா நுனி கருகிரும். வயித்துக்குள்ள சோறு, முட்டைன்னு அடைக்க வேண்டாம், நாலு சின்ன வெங்காயமும் ஒரு ஈர்க்கு கருவேப்பிலையும் போதும். மேலுக்குத் தடவக் கடலெண்ணெயோ நெய்யோ. வெண்ணெயின்னா ஆறுல ஒரு பங்கு தண்ணி, காய வெச்ச தோல மறுபடி நனைக்கற வேலை. மொளகாத்தூளு ஆசை உடலீன்னா எண்ணெயில கொழச்சு வெச்சுக்குங்க, கடைசிப் பத்து நிமிசத்துல பூசலாம்.

ஒண்ணே கால் மணி நேரம் ஆகும்னு வைங்க. அந்தக் காய்ச்சல் பாக்கற குச்சியக் கொண்டாந்திருக்கீங்களே, அதப் பாத்துப் போன தடவ சிரிச்சேன். செத்த கோழிக்கு என்னங்க காய்ச்சல்னு. ஆனா சொல்றதச் சொல்லிரோணும், நீங்க கொண்டாந்ததுல உருப்படியான சாமான் அது ஒண்ணுதான். தொடையக் குத்தி சாறு தெளிவா வருதான்னு பாக்கற நம்ம கணக்கு என்னையே ரெண்டு தாட்டி ஏமாத்திருக்குது. தொடையில கனமான எடத்துல, எலும்புல முட்டாமச் சொருகுங்க. நெஞ்சு 74 டிகிரி காட்டுனாப் போதும், தொடை 80 வரைக்கும் போனாலும் நல்லாத்தான் இருக்கும்.

எறக்குனதும் கத்தியத் தூக்கப்படாது. கால் மணி நேரம் சும்மா கெடக்கட்டும், இல்லீன்னா சாறு பூராவும் பலகைக்குத்தான். அந்த நேரத்துல நீங்க போயி மொகம் கழுவுங்க, அம்மிணி எலை போடட்டும். கோழிக்குக் காவலு நான்.

அந்தச் சின்னச் சமாச்சாரம் அதானுங்க. கோழியத் திருப்புனா முதுகுல, தொடை வந்து சேர்ற எடத்துல பக்கத்துக்கொண்ணா ரெண்டு குழி இருக்கும். ஒவ்வொண்ணுலயும் நெல்லிக்கா அளவுக்குக் கறி. கோழியிலேயே மெத்துனு இருக்கறது அது. வெரல உட்டா வழுக்கிட்டு வந்துரும், ஒருத்தருக்கும் தெரியாது. போன நோம்பிக்கு நானே ஒண்ணு வெறகுல வாட்டுனப்ப, குழி ரெண்டும் காலியா இருக்குதேன்னு உங்க அத்தை கேட்டா. பிராய்லருக்கு 40 நாளுல அந்த எடத்துக்கு மட்டும் கறி புடிக்கறதில்லைன்னு சொன்னேன். ஒண்ணும் பேசல. ஆனா அன்னியிலிருந்து நான் கோழி எறக்குனா, அவளும் ஒரு முக்காலியப் போட்டுட்டு வந்து எதுத்தாப்புல உக்காந்துக்கறா.

அதனால மாப்ளே, நாளைக்குக் கோழி எறக்கற நேரத்துக்கு உங்க அத்தையக் கூப்புட்டு, "தேங்கா சட்னி இருந்தாத் தேவலைங்க அத்தை"ன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. தேங்காயத் திருக அவளுக்குக் கால் மணி நேரம் ஆகும்.