நானூறு வாட் வள்ளல்

2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது எங்கள் செஞ்சிக் கோட்டை. ஆனால் அது மகாராஷ்டிரக் கோட்டைகள் பதினொன்றோடு பங்குபோட்டு வாங்கிய பெருமை. எங்கள் தெரு அண்ணன் ஹாம் ரேடியோவில் ரெஸ்ட்ரிக்டட் கிரேடிலிருந்து ஜெனரல் கிரேடுக்கு ஏறியதோ தனியாளாகச் செய்த சாதனை.

கால்சைனில் வியூ3 போய் வியூ2 வந்தது. பரீட்சைக்காக நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் மோர்ஸ் கற்றார். கற்றதைத் தேர்வறை வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். கடன் வைக்காத மனுஷர்.

விதிகளில் அவர் படித்தது ஒரே வரி: 50 வாட் இனி 400 வாட். மற்றபடி 40 மீட்டர் பேண்டு பழையபடி 7000 முதல் 7200 கிலோஹெர்ட்ஸ்தான். 20 மீட்டர், 14000 முதல் 14350. எல்லையெல்லாம் நம்மைப் போன்ற சின்ன மனசுக்காரர்களுக்கு. அவர் டயலைச் சரியாக 14350இல் நிறுத்தி யுஎஸ்பியில், அதாவது அப்பர் சைட்பேண்டில், பேசுவார். யுஎஸ்பியில் குரல் டயல் எண்ணுக்கு மேலே மூன்று கிலோஹெர்ட்ஸ் வரை விரியும். 7000இல் எல்எஸ்பி, அதாவது லோயர் சைட்பேண்டு, என்றால் அதே கதை கீழ்ப்பக்கம். “டயல்ல 7000தானடா காட்டுது?” என்பார். உண்மைதான். முளை நம் கொல்லையில் இருக்கிறது. மாடு பக்கத்து வயலில் மேய்ந்தால் முளை என்ன செய்யும்?

எட்டு மடங்கு வாட் என்பது 9 டெசிபல். எதிர்முனை எஸ் மீட்டரில் ஒரு புள்ளிக்கு 6 டெசிபல் கணக்கு. ஆக முள் ஒன்றரைப் புள்ளி நகரும். அதற்காக லீனியர் ஆம்பிளிஃபயர் வாங்கினார். ஆன்டெனா மட்டும் துணி காயும் கொடியின் உயரத்திலேயே இருக்கிறது. கம்பியை உயர்த்துவதெல்லாம் காசில்லாதவன் வழி. எதிரே கோட்டை மலை ராஜகிரி சுமார் 240 மீட்டர் நிற்கிறது. அந்த உயரத்திலிருந்து விஎச்எஃப் தொடுவானம் அறுபது கிலோமீட்டரைத் தாண்டும். திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் சில வாட்டே போதும். மலை சொன்னால் கேட்க அவர் என்ன வியூ3யா?

பாரி முல்லைக்குத் தேரைத்தான் கொடுத்தான். அண்ணன் தன் குரலையே கொடுத்தார். மைக் கெயினைக் கடைசிவரை திருகி, பக்கத்து அலைவரிசையில் பேசுகிறவர்களுக்கும் பங்கு வைத்தார். மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கிக்கும் ஒரு பங்கு போனது. திருப்பாவைக்கு நடுவே வாத்து கத்துவதுபோல ஏதோ கேட்க, குருக்கள் ஆம்பிளிஃபயரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். செய்த தர்மத்தை அண்ணன் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

கொடுப்பவர் கேட்கலாமா? ‘இந்த அலைவரிசையில் யாராவது இருக்கிறீர்களா’ என்று கேட்டுக் காத்திருப்பது யாசகம் இல்லையா? 1690இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் வந்து முற்றுகையிட்டு, 1698 வரை எட்டு வருஷம் இந்த ஊர் வாசலில் கிடந்தான். அண்ணன் எட்டு விநாடிகூடக் காத்திருக்க மாட்டார். அழைப்புமேல் அழைப்பு. மூச்சு விடுவது மட்டும்தான் இடைவெளி.

போன ஞாயிறு கூட்டு ரோட்டு டீக்கடையில் உதட்டைப் பிதுக்கினார். “பேண்டே செத்துப்போச்சுடா. ஒருத்தனும் வரல.”

“நான்தாண்ணே மூணு தடவை பதில் கொடுத்தேன். ரெண்டு தெரு தள்ளி.”

டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நீ இன்னும் அம்பது வாட்டுதானே தம்பி?”