தோலுக்குத் தோள் கொடுப்பவை

கேள்வி: தினமும் இரண்டு வேளை சோப்புப் போட்டுக் குளிக்கிறேன். என் தோலில் இன்னுமா பாக்டீரியா இருக்கும்?
– வங்கி ஊழியர், மதுரை

இருக்கும். இருக்கவும் வேண்டும். குளிக்கும்போது போவது அழுக்கும், வெளியே சுற்றியதில் ஒட்டிக்கொண்டு வந்த கிருமிகளும்தான். பிலிப் பிரைஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1938-லேயே இதைச் சோதித்துப் பார்த்தார். பல பேசின்களில் ஒன்று மாற்றி ஒன்றாகக் கையைத் தேய்த்துக் கழுவி, ஒவ்வொன்றிலும் எத்தனை கிருமி இறங்கியிருக்கிறது என்று எண்ணினார். ஒரு கூட்டம் சட்டென்று கழன்று போனது. இன்னொரு கூட்டம் எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகவில்லை. முதல் கூட்டம் வந்து போகிற விருந்தாளி. இரண்டாவது கூட்டம் சொந்த வீட்டுக்காரர். மயிர்க்கால்களிலும் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் இவை தங்கியிருப்பதால், குளித்த கொஞ்ச நேரத்தில் மறுபடி பெருகிவிடும்.

கேள்வி: அவை சும்மா இருக்கின்றனவா, ஏதாவது வேலையும் செய்கின்றனவா?
– பிளஸ் டூ மாணவி, தஞ்சாவூர்

நிறையவே செய்கின்றன. தோலில் ஊறும் எண்ணெயைச் சில பாக்டீரியாக்கள் உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. முகப்பருவுக்குப் பழி சுமக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ்கூட இந்த வேலையைச் செய்கிறது. நம் தோல் லேசான அமிலத்தன்மையோடு, பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நோய் தரும் பல கிருமிகளுக்கு அந்தப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது. அதோடு இடத்தையும் உணவையும் இவையே பிடித்து வைத்திருப்பதால், புதிதாக வருபவை வேரூன்றுவது சிரமம்.

இதற்கும் மேலே, ஆயுதம் ஏந்திய சண்டையும் உண்டு. கட்டி, சிரங்கு, சீழ் என்றால் பெரும்பாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். ஏறத்தாழ பத்தில் மூன்று பேர் இதை மூக்குக்குள் சுமந்துகொண்டே நடமாடுகிறார்கள். மீதி ஏழு பேரிடம் ஏன் இல்லை? ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விடையை 2016-இல் வெளியிட்டார்கள். சிலருடைய மூக்கில் ஸ்டெஃபைலோகாக்கஸ் லுக்டுனென்சிஸ் என்ற இன்னொரு பாக்டீரியா இருக்கிறது. அது லுக்டுனின் என்ற பொருளைச் சுரந்து ஆரியஸைக் கொல்கிறது. வழக்கமான மருந்துகளுக்கு மசியாத எம்.ஆர்.எஸ்.ஏ. வகையையும் விடுவதில்லை. மருத்துவமனை நோயாளிகளின் மூக்கைப் பரிசோதித்தபோது, லுக்டுனென்சிஸ் இல்லாதவர்களில் 34.7 சதவீதத்தினரிடம் ஆரியஸ் இருந்தது. அது குடியிருந்தவர்களில் 5.9 சதவீதத்தினரிடம் மட்டுமே. இன்று நாம் விழுங்கும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளில் பெரும்பகுதியின் மூலம் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். லுக்டுனின் கிடைத்ததோ மூக்கு நுனிக்கு அருகிலேயே! உங்களுக்கு உயிரியல் பிடிக்குமென்றால், இந்தத் துறையைப் படிக்கலாம். தேட வேண்டியது இன்னும் ஏராளம்.

கேள்வி: என் மகனுக்குக் கரப்பான். சொறிந்து சொறிந்து புண்ணாகிறது. இதற்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, ஈரோடு

உண்டு. இப்படிப்பட்ட தோலில் ஆரியஸ் அதிகமாகவும், அதை எதிர்க்கும் பாக்டீரியாக்கள் குறைவாகவும் இருப்பதைக் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் ரிச்சர்ட் காலோ குழுவினர் கண்டார்கள். பிறகு ஒரு சிறிய சோதனை. நோயாளியின் தோலிலேயே மிச்சமிருந்த நல்ல பாக்டீரியாவை எடுத்து, வளர்த்து, க்ரீமில் கலந்து, அவருடைய கையிலேயே தடவினார்கள். ஆரியஸ் குறைந்தது. 2017-இல் வெளியான ஆய்வு இது. ஆனால் இதை நம்பி மகனுக்கு நடக்கும் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் ஈரப்பதக் களிம்பைத் தவறாமல் தடவுங்கள். அந்தச் சின்னப் பையன் நிம்மதியாகத் தூங்க வேண்டும்.

கேள்வி: வியர்வை நாற்றத்துக்கும் இந்த நல்லவர்கள்தான் காரணமாமே?
– பேருந்து நடத்துநர், திருநெல்வேலி

அவர்களேதான். புதிதாக ஊறும் வியர்வைக்கு வாடை கிடையாது. அக்குளில் அதை உடைத்து வாடையாக்குபவற்றில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் முக்கியமானது. காலோ குழுவினர் ஆரியஸை எதிர்ப்பதாகக் கண்டவற்றில் இந்த இனமும் ஒன்று. காவலும் அதுவே, வாடையும் அதுவே. குளியலும் துவைத்த சட்டையும் போதும்.

கேள்வி: அப்படியானால் கை கழுவாமல் இருப்பதுதான் நல்லதா?
– வாசகர், சென்னை

கூடவே கூடாது. சாப்பிடும் முன்பும், கழிப்பறை சென்று வந்த பின்பும், குழந்தையைத் தூக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும். வயிற்றுப்போக்கைக் கொண்டுவருபவை அந்த விருந்தாளிகள்தான். அதற்குச் சாதாரண சோப்பே போதும். 2016-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், வீட்டு உபயோகத்துக்கான கிருமிநாசினி சோப்புகளில் ட்ரைக்ளோசான் உட்பட 19 ரசாயனங்களைத் தடை செய்தது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும்விட அவை மேலானவை என்று தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை.

கேள்வி: நல்ல பாக்டீரியா எப்போதுமே நல்லதுதானா?
– செவிலியர், சேலம்

இல்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். தோலின் மேல் சாதுவாக இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், ரத்தக்குழாயில் செருகிய குழாயிலோ செயற்கை மூட்டிலோ ஒட்டிக்கொண்டால் பெரும் தொல்லை. தோலுக்கு வெளியே தோழன், உள்ளே போனால் எதிரி. ஊசி போடும் முன் நீங்கள் தோலைத் துடைப்பது நூற்றுக்கு நூறு சரி.

கேள்வி: பீர்க்கங்கூடு போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்துக் குளிக்கிறார் என் கணவர். சிறு கொப்புளம் வந்தாலும் வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை விழுங்குகிறார். என்ன சொல்ல?
– வாசகி, புதுச்சேரி

இரண்டையும் விடச் சொல்லுங்கள். தோல் சிவக்கத் தேய்த்தால் மேல்தோல் கீறும். கீறிய இடம் கெட்ட கிருமிக்கு வாசல். மீந்த மாத்திரை நல்லதையும் சேர்த்துக் கொல்லும், பிழைத்த கெட்டதை அந்த மருந்துக்குப் பழக்கும். அழுக்கு போகுமளவு தேய்த்தால் போதும். கொப்புளம் பெரிதானாலோ, காய்ச்சலோடு வந்தாலோ மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பழைய மாத்திரை அட்டையை இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.