ரிமோட் நாயனார்

சுந்தரர் எங்கள் ஊருக்கு வந்தவர்தான். இங்குள்ள சிவன் பழமலைநாதரிடம் 12,000 பொன் வாங்கி, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்கிறது புராணம். அடியார்களுக்கு முதன்முதலில் பட்டியல் போட்டவரும் அவரே. அப்பேர்ப்பட்டவர் விருத்தாசலத்தில் தங்கியும் எங்கள் ரிமோட் நாயனாரை விட்டுவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் ஏசி இல்லை.

விட்டுப்போன அந்தத் திருத்தொண்டை நானாவது எழுதிவைக்கலாம் என்று பார்க்கிறேன். நாயனார் என்றால் ஒருவர் இல்லை. ஜங்ஷன் ரோட்டில் இருக்கிறார், பூதாமூரில் இருக்கிறார், எந்தத் தெருவிலும் வீட்டுக்கு ஒருவர் என்று இருக்கிறார். கட்டிலின் சுவரோரப் பக்கம் மனைவிக்கு, ரிமோட் இருக்கும் பக்கம் அவருக்கு. கல்யாணமான நாளில் யாரும் சொல்லாமலே அமைந்த பாகப்பிரிவினை இது.

கத்திரி பிறந்துவிட்டால் அவருடைய தொண்டு தொடங்கும். 2020 ஜனவரியிலிருந்து, நட்சத்திர முத்திரையோடு விற்கிற அறை ஏசி எல்லாம் கம்பெனியிலிருந்து வரும்போதே 24 டிகிரியில் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. டெல்லியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு விருத்தாசலத்து வெயில் தெரியுமா? நாயனார் ஏசி மாட்டிய அன்றைக்கே ஆறு முறை அமுக்கி அதை 18க்கு இறக்கிவிட்டார். ஏன் 18 என்று கேட்டால், "அப்பதான் சீக்கிரம் குளுரும்" என்பார். இன்வெர்ட்டர் இல்லாத ஏசிக்கு 18 வைத்தாலும் 24 வைத்தாலும் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும், வைத்த எண்ணை எட்டினால்தான் நிற்கும் என்று ஏசி மெக்கானிக் சொல்லிப் பார்த்தார். மெக்கானிக்குக்கு இயந்திரம் தெரியும், பக்தி தெரியாது.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. மே மாதத்தில் மொட்டைமாடித் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில்தான் கீழே இறக்கும். ஒரு டன் ஏசி மூச்சுமுட்ட ஓடினாலும் அறை 18ஐப் பார்ப்பது நடக்காத காரியம். ஆகவே படுக்கும் நேரத்தில் இரண்டு பேருக்கும் சமமாகவே புழுங்கும். தம்பதி ஒற்றுமைக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. விடியற்காலை நான்கு மணிக்குத் தளம் ஆறிவிடும். மனித உடம்பின் உள்சூடும் அந்த நேரத்தை ஒட்டித்தான் இருபத்து நாலு மணி நேரத்தில் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. எண்ணை எட்டாத ஏசியோ நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். சுவரோரத்தில் இருப்பவருக்குப் பல் கிடுகிடுக்கத் தொடங்கும்.

"ஏங்க, குளுருதுங்க."

"போத்திக்க."

ஒரே வார்த்தையில் எவ்வளவு அக்கறை! போத்திக்கொள்ளத்தான் அம்மையாருக்கும் ஆசை. ஆனால் அந்தச் சென்னிமலைப் போர்வை பதினொரு மணிக்கே நாயனாரை இரண்டு சுற்று சுற்றி, மிச்சம் அவர் காலடியில் சொருகிக் கிடக்கிறது. குளிரை வீட்டுக்கெல்லாம் பொதுவில் வைத்துவிட்டுப் போர்வையை மட்டும் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் துறவு எத்தனை பேருக்கு வரும்? வெயில் தாங்காது என்று 18 வைத்தவரே குளிர் தாங்காது என்று கம்பளிப்புழுவாகச் சுருண்டிருப்பதை முரண் என்று சிலர் சொல்லக்கூடும். வெப்பம், குளிர் இரண்டையும் அவர் ஒரே சமயத்தில் வென்றிருக்கிறார் என்பதுதான் உண்மை.

அவர் சூடு பொய்ச் சூடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பீங்கான் ஊரில் சூளைப் பக்கம் நிற்கிறவர் அவர். பட்டறை பட்டறையாக இங்கே நடக்கிற தொழிலில் பியூஸ் கேரியர், இன்சுலேட்டர், ஜாடி, அகல்விளக்கு, பொம்மை எல்லாம் 1,200 டிகிரிப் பக்கம் வேகின்றன. வாசலில் நின்றாலே கண்ணிமை காயும். அங்கே பகலெல்லாம் வெந்த உடம்பு இரவில் குளுமை தேடுவது நியாயம். அம்மையாருக்கு அந்தக் கஷ்டம் ஏது? காலையில் அதே மாதிரிப் பட்டறையில் அச்சில் வார்த்த அகலுக்கு ஓரம் சீவிவிட்டு, சாயங்காலம் அடுப்படியில் நிற்கிறார். அங்கே மின்விசிறி போட்டால் கேஸ் அடுப்பு அலையும் என்பதால் அதுவும் கிடையாது. ஓய்வுதான்.

தொழிலில் நாயனாரைப் போல நுட்பக்காரர் கிடைக்கமாட்டார். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த வெள்ளைக் களிமண்ணைக் கையில் எடுத்து நசுக்கினாலே அது எப்படி வேகும் என்று சொல்வார். இந்த ஊரில் இதற்கென்று அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியே இருக்கிறது. அங்கே படித்து வந்த பையன்கள்கூட அவரிடம் சந்தேகம் கேட்பார்கள். பாண்டத்தின் மண் ஒன்று, மேலே பூசுகிற கிளேஸ் வேறொன்று. சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை, ஆறும்போது ஒரே அளவு சுருங்குவதும் இல்லை. கிளேஸ் மண்ணைவிட அதிகம் சுருங்கினால் மேலெல்லாம் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடும். குறைவாகச் சுருங்கினால் ஓரத்தில் செதில் செதிலாக உரியும். சில சமயம் சூளையிலிருந்து இறக்கும்போது பாண்டம் பளபளவென்று குறையில்லாமல் இருக்கும். மாதங்கள் கழித்து, அலமாரியில் சும்மா இருக்கிறபோது, டிக் என்று ஒரு கீறல் விழும். இதில் மண்ணின் மேலும் தப்பில்லை, கிளேஸின் மேலும் தப்பில்லை, பொருந்த வைக்காதவன் மேல்தான் தப்பு என்று புதுப் பையன்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் அழகே தனி. "ரெண்டுக்கும் நடுவுல விட்டுக்கொடுத்து ஒரு பக்குவம் பாக்கணும்டா" என்பார். சிலிக்காவைக் கொஞ்சம் கூட்டுவார், குறைப்பார், சோதனைக்கு நான்கு துண்டு சுட்டுப் பார்ப்பார்.

வீட்டில் இந்தச் சோதனை எதுவும் தேவைப்பட்டதில்லை. முதல் இரவிலேயே பக்குவம் முடிந்துவிட்டது.

சூளைக்குள் கோன் வைப்பதும் அவர்தான். ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் சேகர் 1886இல் கொண்டுவந்த உத்தி இது. கூம்பாகச் செய்த சிறு மண்துண்டு குறித்த சூடு வந்ததும் தலை சாய்ந்து வளையும். அதைப் பார்த்து உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். எட்டிப் பார்க்கிற சின்ன ஓட்டை வழியே கோன் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று ஒரு கண்ணால் சொல்லக்கூடியவர் நாயனார். அதே கண்ணால்தான் விடியற்காலையில் பக்கத்தில் முழங்காலை மார்போடு சேர்த்து வளைந்து கிடக்கும் ஒருத்தியைப் பார்த்து, "நல்ல தூக்கம்" என்று குறித்துக்கொள்கிறார்.

விஞ்ஞானமும் அவர் பக்கம்தான். டென்மார்க்கில் ஃபாங்கர் என்று ஒரு பேராசிரியர், மனிதர்களுக்கு எந்த வெப்பநிலை சுகம் என்று கணக்குப் போட்டு 1970இல் புத்தகமே எழுதினார். எல்லாவற்றையும் மிகச் சரியாக வைத்தாலும் 100க்கு 5 பேர் அதிருப்தியாகத்தான் இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. அந்த 5 பேரில் ஒருவரைத் தேடி நாயனார் வெளியே போகவே இல்லை. தன் கட்டிலிலேயே வைத்திருக்கிறார். 2015இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர் வந்து கொஞ்சம் குட்டையைக் குழப்பினார்கள். அலுவலகங்களில் ஏசி வைக்கிற கணக்கு 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணை அளவுகோலாக வைத்துப் போட்டது, ஓய்வில் பெண்ணுடம்பு உண்டாக்கும் வெப்பத்தை அது 35 சதவீதம் வரைக்கும் கூட்டி மதிப்பிட்டுவிட்டது என்று எழுதினார்கள். அந்த 40 வயது, 70 கிலோ ஆள் யார் என்று உலகம் தேடிக்கொண்டிருக்கிறது. அட்ரஸ் நான் தருகிறேன்.

பழமலைநாதரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. அவர் நெற்றியில் நெருப்பு. கட்டிக்கொண்டதோ பனிமலைக்காரன் மகளை. இதைவிட ஒத்துப்போகாத ஜோடி உண்டா? சாமர்த்தியமாக ரிமோட்டைப் பிடித்திருக்க வேண்டியவர், உடம்பிலேயே பாதியைக் கொடுத்துவிட்டு நிற்கிறார். கொடுக்கத் தெரிந்தவருக்குக் காக்கத் தெரியவில்லை. எங்கள் நாயனார் பாதி உடம்பு என்ன, பாதிப் போர்வையைக்கூட எவரும் எடுத்துக்கொண்டு போகாமல் காத்தவர்.

இப்படியே இருபது வருடம் போகும். அப்புறம்தான் நாயனாரின் உறுதி முழுமையாக விளங்கும் கட்டம். அம்மையாருக்கு ஐம்பது வயது நெருங்கும்போது மாதவிலக்கு நிற்கும் காலம் வருகிறது. திடீர் திடீரென்று மார்பிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறும், நடு இரவில் தலையணை நனைய வேர்க்கும், வேர்த்த கையோடு குளிரும். உடம்பின் சூட்டைக் காக்கிற மூளைப் பகுதி, ஹார்மோன் குறைவதால், இல்லாத சூட்டுக்கெல்லாம் பதறும் காலம் அது. வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மையார் தானாகவே கேட்கிறார்: "ஏங்க, அந்த ஏசியக் கொஞ்சம் கூட்டி வைங்களேன்."

இத்தனை வருடம் 18ஐத் தொழுதவர் துள்ளிக் குதித்திருப்பார் என்று நினைப்பீர்கள். அவருக்கோ இப்போது அறுபது நெருங்குகிறது. சூளை வேலை விட்டாயிற்று, முழங்காலில் வலி, காதில் பஞ்சு. "இந்த வயசுல ஏசி ஒத்துக்காது. உனக்கும் வயசாச்சு, ஃபேன் போதும்" என்று சொல்லிவிட்டு அந்த ஃபேனையும் ஒன்றில் வைப்பார். சோறு கேட்டு அம்மனைக் கிழத்தி என்று பாடிய குரு நமசிவாயரிடம், கிழவி எப்படியப்பா சோறு கொண்டுவருவாள் என்று அம்மனே மடக்கியதாகச் சொல்லும் ஊர் இது. அம்மையார் அந்த வம்புக்கெல்லாம் போகவில்லை. முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

18லிருந்து ஏசியே வேண்டாம் என்பதுவரை வந்துவிட்டாரே, கொள்கை மாறிவிட்டதே என்று அவசரப்படக் கூடாது. கொள்கை அன்றும் இன்றும் ஒன்றுதான். அவருக்குப் புழுங்கினால் வெயில் காலம், அவருக்குக் குளிர்ந்தால் மார்கழி. வானிலை ஆய்வு மையத்துக்கே சில நாள் பிசகுகிறது; இவருக்கு ஒருநாளும் பிசகியதில்லை.

ஜெர்மனியிலும் அதற்கு வடக்கே உள்ள நாடுகளிலும் ஒரே கட்டிலில் ஆளுக்கொரு போர்வை என்று வைத்துக்கொண்டு தூங்குகிறார்களாம். யாரும் யாருடையதையும் இழுப்பதில்லை. தடித்தது வேண்டியவருக்குத் தடித்தது, மெல்லியது வேண்டியவருக்கு மெல்லியது. கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்னொரு சென்னிமலைப் போர்வை வாங்க வேண்டும், அது தேவை என்று ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பதும் ஓர் உடம்புதான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு செலவு வெள்ளைக்காரனுக்குக் கட்டுப்படியாகலாம். அம்மையார் ஒருநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்ப் பார்த்தார். "பக்கத்து வீட்ல என்ன நெனப்பாங்க?" என்று நாயனார் தழுதழுத்துவிட்டார். குடும்ப மானத்துக்கு ஒன்று என்றால் அவருக்குத் தாங்காது. (அந்தப் பக்கத்து வீட்டு ஜன்னலை நோக்கித்தான் ஏசியின் வெளிப்பெட்டி சூட்டை ஊதிக்கொண்டிருக்கிறது. ஆற்றில் போட்டது குளத்தில் கிடைக்கும் ஊரில், இந்த அறையில் போட்ட சூடு அந்த அறையில் கிடைக்காதா என்ன.)

2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால், இனி வரப்போகும் ஏசிகளை 20க்குக் கீழே இறக்க முடியாதபடி, 28க்கு மேல் ஏற்ற முடியாதபடி செய்யப்போவதாக அறிவித்தார். டீக்கடையில் நடுத்தர வயது நாயனார்கள் கொதித்துப்போனார்கள். ஒருத்தன் வீட்டுப் படுக்கையறையில் எவ்வளவு குளிர் இருக்க வேண்டும் என்று இன்னொருத்தன் தீர்மானிப்பதா, எதிராளியைக் கேட்காமல் முடிவெடுப்பது எந்த ஊர் நியாயம் என்று ஒருவர் மேசையைத் தட்டினார். அவ்வளவு தெளிவாக இந்த அநியாயத்தை எந்தப் பெண்ணும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

மேசையைத் தட்டிய அவரே ஆடி மாதத்தில் ஏசியை 24க்கு ஏற்றிவிட்டார். அம்மையார் வருடக்கணக்காகச் சொல்லி நடக்காதது, மின்கணக்கு எடுக்க வந்தவர் வாசலில் இரண்டு நிமிஷம் நின்றதில் நடந்தது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கடைசியாக ஓடிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முன்னால் ஓடியதில் ஒரு பகுதிக்கும் விலை ஏறிவிடும். அந்தக் கோட்டை அவர் வீடு தாண்டியிருந்தது. ஒவ்வொரு டிகிரி ஏற்றினாலும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று பேப்பரில் போட்டிருந்ததைப் படித்து, விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அன்று இரவே ஆறு முறை மேல்பக்கம் அமுக்கினார். மறுநாள் காலையில் டீக்கடையில் அதை எல்லோருக்கும் சொன்னார்.

"பாவம், அவளுக்குக் குளுரு ஆகாது சார். நாமதான் விட்டுக்கொடுத்துப் போவணும்."