ஜீப் வாங்கப் போற மருமக்களுக்கு: மாமாங்கத்து மாமா பதில்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி ஒரே கேள்வி: "மாமா, பழைய பெரிய ஜீப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், எதைக் கவனிக்க வேண்டும்?" மருமக்கள் கையில் காசு புழங்குவதில் மகிழ்ச்சி. இனிக் கேள்விகள்.

கே: வண்டி பார்க்கப் போனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? (அமிர்தகழி வாசகர்)

ப: விற்பவரின் முற்றத்தை. ஒயில் ஒழுகும் வண்டி தினமும் நிற்கிற இடத்தில் தரை கறுத்துக் கிடக்கும். வண்டியைக் கழுவித் துடைத்து வைத்திருப்பார். தரையைக் கழுவ யாருக்கும் ஞாபகம் வராது.

கே: நல்ல நேரம் பார்த்துப் போக வேண்டுமா? (சின்ன ஊறணி வாசகி)

ப: ராகு காலத்தில் போனாலும் குற்றமில்லை புள்ள, என்ஜின் ஆறிக் கிடக்கிற காலையில் போங்கள். போனதும் பொனற்றில் கையை வையுங்கள். சுட்டால், காலையில் எழும்ப மறுக்கிற வண்டியை உங்களுக்காக முன்கூட்டியே எழுப்பி வைத்திருக்கிறார். அவ்வளவு உபசாரம் ஆகாது.

கே: புகையின் நிறத்தை வைத்து நோய் சொல்லலாமாமே? (செங்கலடி வாசகர்)

ப: கறுப்பு என்றால் டீசல் கூட, காற்றுக் குறைவு: பில்டர், டர்போ, இன்ஜெக்டர் பாருங்கள். நீலம் என்றால் என்ஜின் ஒயில் குடிக்கிறது. வெள்ளை காலையில் கொஞ்சம் வந்து மறைந்தால் மன்னிக்கலாம்; சூடான பிறகும் வந்துகொண்டே இருந்தால், தண்ணீர் போகக்கூடாத இடத்துக்குப் போகிறது. "புகைச் சான்றிதழ் இருக்கே" என்பார். சான்றிதழ் ஒரு நாளைக்கு எடுத்தது, புகை தினமும் வருவது.

கே: ஒயில் மூடியைத் திறந்து பார்த்தால் என்ன தெரியும்? (ஏறாவூர் வாசகர்)

ப: கறுப்பாக இருந்தால் டீசல் என்ஜினுக்கு அது இயல்பு. மூடிக்கு அடியில் பால் தேத்தண்ணி போலப் படிந்திருந்தால் ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கஸ்கட் போயிருக்கலாம். விற்பவர் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அதோடு எழும்பி வந்துவிடுங்கள்.

கே: மூன்று லீற்றர் டீசல் பிராடோவைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிறார் தரகர். (கல்லடி வாசகர்)

ப: கண்ணை மூடச் சொல்கிறவர் எதையோ திறந்து வைத்திருக்கிறார். 120, 150 பிராடோக்களில் அந்த அளவில் வருவது 1கேடி என்ஜின். உழைக்கிற சாமான்தான், ஆனால் இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செப்பு வாசர் கசிந்தால் கரி ஒயிலுக்குள் இறங்கி, ஒயில் உறிஞ்சுகிற வலையை அடைக்கும். ஒயில் ஏறாவிட்டால் என்ஜின் போச்சு.

வாசர் எப்போது மாற்றினது? டைமிங் பெல்ட் எப்போது மாற்றினது? பில் எங்கே? இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் "அதெல்லாம் செய்தது தம்பி" என்று ஒரே பதில் வந்தால், ஒன்றும் செய்யவில்லை.

கே: பெற்றோலா டீசலா என்று சேசி நம்பரே சொல்லுமா? (களுவாஞ்சிக்குடி வாசகர்)

ப: டொயோட்டாவில் சொல்லும். பிராடோவின் சேசி இலக்கம் கேடிஜே என்று தொடங்கினால் 3.0 டீசல், டீஆர்ஜே என்றால் 2.7 பெற்றோல், ஜீஆர்ஜே என்றால் 4.0 பெற்றோல். சேசி டீஆர்ஜே என்கிறது, பொனற்றுக்குள் டீசல் உறுமுகிறது என்றால் யாரோ என்ஜினை மாற்றியிருக்கிறார். மாற்றினது பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறாவிட்டால், மாற்றினவர் அவர், மாட்டுகிறவர் நீங்கள்.

கே: "2012 வண்டி" என்றார். போய்ப் பார்த்தால் அது பதிவு செய்த வருடமாம். (ஆரையம்பதி வாசகர்)

ப: பதிவு வருடத்தை விற்பவர் சொல்வார், தயாரித்த வருடத்தை வண்டி சொல்லும். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த வண்டியின் சேசி இலக்கத்தில் மாதிரியும் தொடர் எண்ணும்தான் இருக்கும், வருடம் இராது. சீட் பெல்ட்டின் அடிநுனியில் தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். பெரும்பாலும் காலம் அச்சிட்டிருக்கும். பெல்ட்டுக்குக் கமிஷன் கிடையாது, அதனால் பொய் சொல்லாது.

கே: நாலு டயரும் புதுசு என்கிறார். (புன்னைச்சோலை வாசகர்)

ப: டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் பிறந்தது. கறுப்புப் பொலிஷ் பூசினால் வயது குறையாது, மனே. தலைக்கு மை பூசுகிறவன் சொல்கிறேன், கேள்.

கே: பதினைந்து வருட ஜீப். மீற்றரில் 78,000 கிலோமீற்றர். நம்பலாமா? (வாழைச்சேனை வாசகர்)

ப: பிரேக் பெடல் றப்பர், ஸ்டியரிங் தோல், சாரதி இருக்கையின் வெளி ஓரம். இந்த மூன்றும் வழவழத்துத் தேய்ந்திருந்தால் மீற்றர் பின்னோக்கியும் ஓடியிருக்கிறது. ஜப்பான் ஏலத்தில் எடுத்த வண்டியென்றால் ஏலத்தாளைக் கேளுங்கள். அன்றைய கிலோமீற்றர் அதில் இருக்கும். இலங்கைக்கு வந்த பிறகு வண்டி இளமையாகியிருந்தால், ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் தீர்த்தமாடினதா என்று விசாரியுங்கள்.

கே: ஏலத்தாளில் "ஆர்" என்று போட்டிருக்கிறது. "ரொம்ப நல்லது" என்பதன் சுருக்கமாம். (காத்தான்குடி வாசகர்)

ப: சொன்னவருக்குக் கற்பனை வளம் உண்டு. 4.5 என்றால் நல்ல நிலை. ஆர், ஆர்ஏ என்றால் அடிபட்டுத் திருத்தினது.

கே: நாவலடிக் கரையில் நின்ற லான்ட் குரூஸர் மலிவாக வருகிறது. (இருதயபுரம் வாசகர்)

ப: ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் நின்ற இரும்புக்கு என்ன கதி? கீழே படுங்கள். பின் சக்கரத்துக்கு மேலே சேசி வளைகிற இடம், ஸ்பிரிங் பிடிக்கிற தாங்கிகள், சேசியின் உள்பக்கம். சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு "டங்" என்னும், உக்கினது "டொப்" என்னும். அடி முழுக்கப் புதிதாகத் தார் பூசியிருந்தால் இன்னும் பலமாகத் தட்டுங்கள். தார் வீதிக்குப் போடுவது.

கே: வெள்ளத்தில் மூழ்கின வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? (படுவான்கரை வாசகர்)

ப: 2011 ஜனவரி வெள்ளத்தையும் 2025 நவம்பர் டித்வா புயலையும் கண்டவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. சீட் பெல்ட்டைக் கடைசி முழம் வரை இழுங்கள். சேற்றுக்கோடு சுருளுக்குள் ஒளிந்திருக்கும். கால் விரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். சீட் நகர்கிற தண்டில் துரு, மேலதிக டயர் தொங்குகிற இடத்தில் வண்டல். உள்ளே மல்லிகை, சந்தனம், எலுமிச்சை மூன்றும் ஒன்றாக மணந்தால் அது பக்தி இல்லை.

கே: ஓடும்போது பின்பக்கம் ஒரு முனகல். பெரிய டயரின் சத்தம் என்கிறார்கள். (கருவேப்பங்கேணி வாசகர்)

ப: மிதிக்கும்போது ஏறி, காலை எடுத்ததும் சுருதி மாறுகிற முனகல் டிஃபரன்சல் பல்லிலிருந்து வரும். டயர் உங்கள் காலைப் பார்த்துப் பாடாது. மட்டக்களப்பு வாவியில் மீன் பாடலாம், டிஃப் பாடக்கூடாது.

கே: நாலு சக்கர இழுவை வேலை செய்கிறதா என்று எங்கே பார்ப்பது? (அமிர்தகழி வாசகர்)

ப: பக்கத்தில் பாலமீன்மடு மணல் இருக்க என்னிடம் கேட்கிறீர்களே! காய்ந்த தார் வீதியில் பூட்டி வளைத்தால் அச்சும் கியர்ப் பெட்டியும் முறுகும். மணலில் ஹை, லோ இரண்டும் போட்டு, விளக்கு எரிகிறதா, முன் சக்கரம் இழுக்கிறதா பாருங்கள். பல வருடம் தொடாத லிவர் முரண்டு பிடிக்கும். ஊரில் பாதிப் பேர் ஜீப் வாங்குவது மேட்டில் ஏறுவதற்கில்லை, அயலவருக்கு வயிற்றெரிச்சல் ஏற்றுவதற்கு.

கே: டக்கார் ஓட்டத்தில் வென்ற இனமாமே மிட்சுபிசி மொன்டெரோ? (வவுணதீவு வாசகர்)

ப: உண்மை. பஜிரோ என்ற பெயரில் 12 தடவை வென்றது. அந்த வண்டிகள் ஒன்றும் விற்பனைக்கு வரவில்லை, உங்களுக்கு வருவது வேறு. 3.2 டீசல் என்றால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் என்ஜினின் முன்பக்கம் காதை வையுங்கள். சங்கிலி கிலுங்கினால், அது வெற்றிச் சங்கிலி இல்லை, டைமிங் சங்கிலி.

கே: பெரிய தலைகளின் வி8 ஏலத்துக்கு வந்ததே, எடுத்திருக்கலாமோ? (திருப்பெருந்துறை வாசகர்)

ப: 2025 மே மாதம் ஜனாதிபதி செயலகம் 26 வண்டிகளை ஏலத்தில் விட்டது. அதில் 6 வி8, 5 றெக்ஸ்டன், ஒரு போர்ஷே கயேன். அரசாங்க வண்டியில் உள்ள நன்மை: செலவு கணக்குப் பார்க்காமல் பராமரித்தது. தீமை: செலவு கணக்குப் பார்க்காமல் ஓட்டினது. எடுத்த பிறகு முறைப்பாடு கேட்க ஆளிருக்காது. அது வண்டிக்கு மட்டும் உள்ள வழக்கமில்லை.

கே: லான்ட் குரூஸர் 200க்கு எரிபொருள் எவ்வளவு போகும்? (கொக்கட்டிச்சோலை வாசகர்)

ப: இரண்டு தாங்கி உள்ள பெற்றோல் வண்டியில் 138 லீற்றர் கொள்ளும். 2022இல் கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அதை நிரப்ப ஏழு கிழமை, அதுவும் வண்டி ஓர் அடி நகராமல் இருந்தால்.

கே: பழைய வண்டி ஏன் வாங்கின விலையைவிடக் கூட விலைக்குப் போகிறது? (ஓட்டமாவடி வாசகர்)

ப: 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. ஐந்து வருடம் புதுசு வராவிட்டால் பழசு தலைக்கனம் பிடிக்கத்தானே செய்யும். திறந்த பிறகும் சுங்க வரி, அதன்மேல் மேல்வரி, என்ஜின் அளவுக்கு உற்பத்தி வரி, ஆடம்பர வரி, 18 வீத வற். ஜப்பானில் வண்டி தனியாக ஏறுகிறது. இங்கே சுற்றம் சூழ இறங்குகிறது.

கே: ஓபன் பேப்பரில் வாங்கினால் மலிவு என்கிறார்கள். (வெல்லாவெளி வாசகர்)

ப: புத்தகத்தில் ஒரு பெயர், கையெழுத்து மட்டும் வைத்த வெற்றுப் படிவம், நாலு கை மாறின வண்டி, விற்கிறவர் ஐந்தாமவர். நடுவில் பெயருக்குரியவர் காலமானால் யாரிடம் போவீர்கள், ஆவியிடமா? அடையாள அட்டையும் பதிவுப் புத்தகமும் ஒரே ஆளைச் சொல்கிறதா பாருங்கள். வாங்கின 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை மாற்றுங்கள்.

கே: நான் விற்கிறவன். கையெழுத்தை வைத்துக் கொடுத்துவிட்டால் எனக்கென்ன? (ஊறணி வாசகர்)

ப: அந்த ஜீப் நாளைக்கு ஹபரணையில் ஆளை இடித்தால் பொலிஸ் தேடி வருவது புத்தகத்தில் உள்ள பெயரை. வண்டியை விற்றீர்கள், வழக்கை வைத்துக்கொண்டீர்கள்.

கே: லீசிங் முடிந்துவிட்டது என்று சத்தியம் பண்ணுகிறார். (கல்குடா வாசகி)

ப: கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணினாலும் சரி, புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே கம்பனியின் பெயர் இருந்தால், உங்களோடு பேரம் பேசுகிறவருக்கு விற்க உரிமையில்லை. கம்பனியின் விடுவிப்புக் கடிதம் கைக்கு வரும்வரை உங்கள் காசு உங்கள் மடியில் இருக்கட்டும்.

கே: சுனாமிக்குப் பிறகு வந்த என்ஜிஓ வண்டி. எப்படி? (நாவற்குடா வாசகர்)

ப: 2004 டிசம்பருக்குப் பிறகு வெள்ளை ஜீப் நிற்காத சந்தியில்லை. சேர்விஸ் புத்தகம் ஒழுங்காக இருந்தால் அது லாபம். வரிவிலக்கில் வந்திருந்தால், வரி கட்டி விடுவித்த கடதாசி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தொண்டு நிறுவனம் நீங்கள்தான்.

கே: ஸ்கேன் பண்ணினோம், ஒரு பிழையும் காட்டவில்லை. நல்லதுதானே? (வந்தாறுமூலை வாசகர்)

ப: காலையிலேயே அழித்திருக்கலாம். அரை மணி ஓட்டிவிட்டுத் திரும்ப ஸ்கேன் பண்ணுங்கள். அழித்த பிழைக்கு வீடு தெரியும், திரும்பி வரும்.

கே: மச்சான் கராஜ் வைத்திருக்கிறான். வண்டி பார்க்க அவனைக் கூட்டிப் போகவா? (குருக்கள்மடம் வாசகர்)

ப: வண்டி பழுதானால்தான் மச்சானுக்குச் சோறு. விற்பவரையும் உங்களையும் தெரியாத பாஸ் ஒருவருக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். அவர் சொல்கிற பிழைக்கெல்லாம் சாமான் விலையைக் கடையில் கேட்டு எழுதி, அந்தத் தாளை விற்பவர் கையில் கொடுங்கள். வாயால் கேட்டால் ஆயிரம் குறைப்பார். தாளைக் கண்டால் வாயைக் குறைப்பார்.

கே: எங்கள் ஒழுங்கை ஏழடிதான். இவர் லான்ட் குரூஸர் 200தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். (அமிர்தகழி வாசகி)

ப: அகலம் 1.97 மீற்றர், ஆறரை அடி, பக்கக் கண்ணாடி தனி. கண்ணாடியை மடித்தால் நுழையும், கதவு திறக்காது. வாங்க விடு புள்ள. ஆள் உள்ளேயே இருப்பார், உனக்கும் கொஞ்ச நாள் நிம்மதி.

கே: எல்லாம் பார்த்தாச்சு மாமா. சேசி, என்ஜின், புத்தகம், எல்லாம் சரி. இனி வாங்கலாமா? (மாமாங்கம் வாசகர்)

ப: இவ்வளவு நல்ல வண்டியை ஏன் விற்கிறார் என்று கேளுங்கள். "வெளிநாடு போறேன்" என்பார். விசாவைக் காட்டச் சொல்லுங்கள்.