கை மாறும் காடிகள்: கேள்வி–பதில்

கே: பத்து வருஷத்துக் கேம்ரி வாங்குகிற பணத்தில் புது மைவியே வாங்கிவிடலாம் என்கிறாள் என் மனைவி. யார் பக்கம் நியாயம்? (ஆயர் ஈத்தாம்)

ப: அவர் பக்கம்தான். இருந்தாலும் நீங்கள் கேம்ரியைத்தான் வாங்கப்போகிறீர்கள் என்பதால் ஒரு கணக்கு. 1.5 லிட்டர் மைவிக்கு ஆண்டுச் சாலை வரி 90 வெள்ளி. 2.5 லிட்டர் கேம்ரிக்கு 874 வெள்ளி. காடிக்கு வயதாகிவிட்டது என்று இலாகா இரக்கப்படாது. கேம்ரியின் விலை மட்டும்தான் இறங்கியிருக்கிறது. அந்தச் சேதி அதன் டயருக்கும் அப்சோர்பருக்கும் பிரேக்குக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை.

கே: அக்கோர்ட், கேம்ரி, தியானா. எதை வாங்கலாம்? (பிறை)

ப: பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்து வாங்குங்கள். தியானாவின் இருக்கையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. அப்படியிருந்தும் அது மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அதன் சிவிடி கியர்பாக்ஸ் மீதுள்ள பயம். கியர் எண்ணெய் காலத்தில் மாற்றிய ரசீது இருந்தால் பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பாலிக் புலாவ் மலைப்பாதையில் ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். உதறலோ தயக்கமோ தெரிந்தால் இறங்கி வந்து சாவியைக் கொடுத்துவிடுங்கள்.

2006-க்குப் பின் வந்த கேம்ரி 2.4 என்ஜின் எண்ணெய் குடிப்பதில் பெயர் வாங்கியது. அளவுகோலை உருவிப் பார்க்காமல் பேரம் பேசாதீர்கள். அதே காலத்து அக்கோர்ட் 2.4 சில காடிகளில், காலையில் முதல் தடவை முடுக்கும்போது ஒரு நொடி 'கர்ர்' என்று கேட்கும். இரண்டையும் கண்டுபிடிக்க ஒரே வழிதான்: காலையிலேயே போங்கள், முதலில் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், "இன்னொரு நாள் வருகிறேன் தவுக்கே" என்று கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள். வாங்குபவர் வருவதற்கு முன்பே என்ஜினைச் சூடாக்கி வைப்பவருக்கு மறைக்க ஏதோ இருக்கலாம்.

கே: புஸ்பாகோம் சோதனையில் தேறிவிட்டது. அப்புறமென்ன பயம்? (குளுகோர்)

ப: பெயர் மாற்றத்துக்கான சோதனையில் முக்கியமாகப் பார்ப்பது, என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவோடு ஒத்துப்போகிறதா, வெட்டி ஒட்டியிருக்கிறதா என்பதைத்தான். பதிவில் உள்ள காடி இதுதானா என்று அது சொல்லும். கியர்பாக்ஸ் தீபாவளி வரை தாங்குமா என்று சொல்லாது. அதற்கு உங்கள் போர்மேன் வேண்டும். விற்பவர் கூட்டிவரும் போர்மேன் அல்ல.

கே: 2013 அக்கோர்ட், மீட்டரில் 68,000 கிலோமீட்டர்தான். உரிமையாளர் பட்டர்வொர்த்தில் குடியிருந்து பாயான் லெப்பாசில் வேலை பார்ப்பவர். அதிர்ஷ்டம்தானே?

ப: யாருக்கு என்பதுதான் கேள்வி. பினாங்கு பாலம் 13.5 கிலோமீட்டர். போய் வர 27. ஆண்டுக்கு 300 நாள் என்றால், பாலத்தில் மட்டும் 8,100 கிலோமீட்டர். 12 ஆண்டில் 97,000-ஐத் தாண்டிவிடும். சந்தைக்கோ கோயிலுக்கோ அவர் ஒரு தடவைகூடப் போகாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. ஃபெரியில் போனேன் என்பாரேயானால், 2021 முதல் அதில் கார் ஏற்றுவதில்லை. பிரேக் மிதியின் ரப்பரையும் ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தையும் பாருங்கள். மீட்டரைத் திருப்புகிறவர்கள் அவற்றை மறந்துவிடுவார்கள்.

கே: வெள்ளத்தில் மூழ்கிய காடியைக் கண்டுபிடிப்பது எப்படி? (ஜெலுத்தோங்)

ப: 2017 நவம்பர் 4, 5 தேதிகளைப் பினாங்குக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அன்று தண்ணீரில் நின்ற காடிகள் எல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விட்டன என்று நம்ப நான் தயாரில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கோடு தெரியும். உபரி டயர் இருக்கும் குழியில் கைவிட்டுப் பாருங்கள். இருக்கையைப் பிடித்திருக்கும் திருகாணிகள் துருப்பிடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். உள்ளே வாசனைப் புட்டி மூன்று தொங்கினால் ஓடிவிடுங்கள்.

வாங்கியபின் காப்புறுதியையும் கவனியுங்கள். சாதாரணக் 'கம்ப்ரிஹென்சிவ்' வெள்ளச் சேதத்தைத் தாங்காது. கூடுதல் கட்டணம் கட்டிச் சேர்த்தால்தான் உண்டு. தஞ்சோங் தோக்கோங் பக்கம் கடலோரத்தில் நிறுத்துகிறவர்கள் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவுங்கள். உப்புக்காற்று கீழேதான் வேலையைத் தொடங்கும்.

கே: விற்பவரின் காப்புறுதிக் கழிவு (என்சிடி) 55 விழுக்காடு. காடியோடு எனக்கு வருமா?

ப: வராது. அது ஆளுக்கு, காடிக்கு அல்ல.

கே: பெர்டானா வி6 கொள்ளை மலிவு. வாங்கலாமா? (புக்கிட் மெர்தாஜாம்)

ப: 2008-இல் திரெங்கானு மாநில அரசாங்கம், பராமரிப்புச் செலவு தாளவில்லை என்று சொல்லி, பெர்டானா வி6-ஐ விட்டு மெர்சிடிஸுக்கு மாறியது. நாடே சிரித்தது. ஆனாலும் ஒரு மாநில அரசாங்கமே கணக்குப் பார்த்த இடத்தில் உங்கள் சம்பளம் என்ன செய்யும்? டைமிங் பெல்ட் அறுந்தால் என்ஜினையும் மறந்துவிட வேண்டியதுதான்.

2016-இல் பொதுச் சந்தைக்கு வந்த பெர்டானா வேறு கதை. மேலே புரோட்டோன் முத்திரை, உள்ளே முந்தைய தலைமுறை அக்கோர்ட்டின் அடித்தளம், ஹோண்டா என்ஜின். அக்கோர்ட்டைத் தெரிந்த போர்மேனுக்கு இதுவும் தெரியும். முத்திரைக்காக மற்றவர்கள் முகம் சுளித்தால் நீங்கள் விலையைக் குறைத்துக் கேளுங்கள். என்னைக் கேட்டால் வாங்குவேன்.

கே: பழைய ஹோண்டாக்களின் ஏர்பேக் பற்றிப் பயமுறுத்துகிறார்களே?

ப: பயப்பட வேண்டிய விஷயம்தான். 2014-இல் சிபுவில் 2003 ஹோண்டா சிட்டியின் தக்காத்தா ஏர்பேக் சிதறி ஒரு கர்ப்பிணி இறந்தார். அக்கோர்ட்டும் திரும்ப அழைக்கப்பட்டவற்றில் உண்டு. சேசிஸ் எண்ணைக் கொடுத்து ஹோண்டாவிடம் கேளுங்கள். மாற்றாமல் இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள். ஹாஃப்கட் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏர்பேக் வாங்கிப் பொருத்துவது மட்டும் வேண்டாம்.

கே: "வட்டி நாலே விழுக்காடுதான்" என்கிறார் விற்பனையாளர்.

ப: 'ஃபிளாட்டா?' என்று கேளுங்கள். 30,000 வெள்ளிக்கு 7 ஆண்டு என்றால் வட்டி 8,400. மாதம் 457 வெள்ளி. அசல் குறையக் குறைய வட்டி குறையாது என்பதால், உண்மையில் நீங்கள் கட்டுவது 7 விழுக்காட்டுக்கு மேல். கையில் உள்ள பணம் முழுவதையும் முன்பணமாகக் கொட்டாதீர்கள். பத்தில் ஒரு பங்கை முதல் மாதப் பட்டறைச் செலவுக்கு ஒதுக்குங்கள்: எல்லா எண்ணெய்களும், பேட்டரி, கூலன்ட், என்ஜின் மௌண்டிங். டயரும் அந்தச் செலவில் சேருமா என்று அதன் வயதைப் பாருங்கள்: பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கே: புதுக் காடிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினோம். பழைய காடிக்கும் உண்டா அண்ணே?

ப: உண்டு. பழம் டயருக்குக் கீழே இருக்கட்டும். என்ஜின் எண்ணெய் மட்டும் கீழே இருக்கக் கூடாது.

கே: வாங்கிய இரண்டாம் வாரமே கியர்பாக்ஸ் போய்விட்டது. கடைக்காரர் போனை எடுப்பதில்லை. (சுங்கை டுவா)

ப: கடையில் வாங்கியதென்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுவுக்கு 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் வேண்டாம். மனு எழுதத் தயக்கமாக இருந்தால் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு நடந்து போங்கள். தனி ஆளிடம் வாங்கியிருந்தால் இந்தக் கதவு திறக்காது. நீதிமன்றம்தான். ரசீதையும், "கியர்பாக்ஸ் கியாரண்டி" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப்பையும் இன்றே பிரதி எடுத்து வையுங்கள்.