ராஜாஜியும் செங்கொடியும் ஒரே அணியில்

கேள்வி: 'அரசு எதிலும் தலையிடக் கூடாது' என்பவருக்கு இடதுசாரிக் கட்சியில் இடம் உண்டா?
– ஒரு வாசகர், காட்டூர், பழவேற்காடு

பதில்: கூட்டணியில் இடம் கிடைத்திருக்கிறது! கம்யூனிஸ்டுகளே தன் முதல் எதிரி என்று 1952-ல் அறிவித்தவர் ராஜாஜி. 'லைசென்ஸ் பர்மிட்' ஆட்சியை ஒழிக்க 1959-ல் சுதந்திராக் கட்சி தொடங்கினார். 1967-ல் தி.மு.க. அணியில் அவர் கட்சியும் மார்க்சிஸ்ட் கட்சியும் சேர்ந்தே காங்கிரஸை வீழ்த்தின. சுதந்திராவுக்கு 20 இடங்கள், மார்க்சிஸ்டுகளுக்கு 11. ஆனால் 1971-ல் ராஜாஜி காமராஜருடன் கைகோத்துவிட்டார். பொது எதிரி போனதும் உறவும் போயிற்று.

ஆட்களை விடுங்கள், கருத்துக்கு இடம் உண்டா என்பதற்கு உங்கள் ஏரியே சாட்சி. பாடு முறையில் யார், எங்கே, எப்போது வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு ஊரே முடிவு செய்கிறது. அதிகாரி கையெழுத்தும் இல்லை, தனியார் பட்டாவும் இல்லை. இத்தகைய ஊர் ஏற்பாடுகளை ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம் 2009-ல் பொருளாதார நோபல் பெற்றார். சந்தைக்காரரும் சமதர்மியும் அவரைத் தம்மவர் என்றே கொண்டாடுகிறார்கள்.

ஆனால் பாடு முறையில் பங்கில்லாத இருளர்கள் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு அரசு வேண்டும். ஏரிக்கு அருகிலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விரிவாக்கத்தை எதிர்க்கவும் ஊர்க்கட்டுப்பாடு போதாது, சட்டம் வேண்டும்.

'என் வலையில் கை வைக்காதே' என்று அரசிடம் சொல்பவரைக் கட்சி தாராளமாகச் சேர்க்கட்டும். 'துறைமுகத்தின் மீதும் கை வைக்காதே' என்று அவர் தொடர்ந்தால், அந்தச் சண்டையைச் செயற்குழுவிலேயே போடட்டும்.